சிவப்புப் புள்ளிக்கு ஜீப்பில் இடம் கொடுத்தோம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் மிஸ் என்று கூப்பிட்டார்கள். பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபணிஸும் உண்டு என்றார்கள். அதனால் வந்தேன். ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை? நீங்கள் குறிப்பெடுக்க வேண்டாம். ரவுட்டரை எப்படிச் செருகுவது, கேபிளை எப்படி நறுக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் போனே என்னைவிட நன்றாகச் சொல்லும். பதறுகிற நேரத்தில் எதை நம்புவது, யார் சொல்லைக் கேட்காமல் இருப்பது, இந்த இரண்டைப் பற்றித்தான் கதை.

முதலில் கடதாசிக் காலம். நான் சேர்ந்தபோது நம் தேயிலைத் தோட்டங்களின் நெட்வேர்க் முழுவதும் ஒரு பெரிய தாளில் வரையப்பட்டுச் சுவரில் தொங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர் அதற்கு முன்னால் இருந்தவரைப் பார்த்து வரைந்தது. அதில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மலை உச்சியில், பெயரில்லாத ஒரு வட்டம் இருக்கும். ஒருவர் அதற்கு ஒரு கோடு இழுத்திருந்தார். அடுத்தவர் அதற்கு ஒரு இலக்கமும் கொடுத்திருந்தார். ஒரு நாள் அந்தப் பக்கம் இணைப்பு அறுந்ததும், அந்த வட்டத்தில்தான் கோளாறு என்று முடிவெடுத்து, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலை ஏறினோம். உச்சியில் ஒரு பாறை இருந்தது. பாறை மேல் ஒரு ஆடு இருந்தது. அது எங்களை ஒரு மாதிரி பார்த்தது.

திரும்பி வந்து பழைய அலுமாரியைக் குடைந்து முதன்முதலாக வரைந்த தாளைத் தேடி எடுத்தோம். அதிலும் அந்த வட்டம் இருந்தது, மண்ணிறத்தில். தேத்தண்ணிக் கோப்பையின் அடி. யாரோ படத்தின் மேலே கோப்பையை வைத்துக் குடித்திருக்கிறார். தேயிலை நாட்டில் அது ஒரு ஆச்சரியமா? அந்தக் கறையைத்தான் வழிவழியாக நாங்கள் பராமரித்து வந்திருக்கிறோம்.

இதனால்தான் கடதாசிப் படத்தை நான் நம்புவதில்லை. அது வரைந்த அன்றைக்கு மட்டும் உண்மை, சில நேரம் அன்றைக்கும் இல்லை. இப்போது உங்கள் அறையில் சுவர் டிவியில் ஓடுகிறதே, அந்த மாதிரி உயிருள்ள வரைபடம் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு சின்னவளால். யூனிட்டிலேயே வயதில் இளையவள் என்பதால் நாங்கள் அவளைச் சின்னவள் என்றே கூப்பிடுவோம். அவள் பெயரைக் கடைசியில் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. இறம்பொடைப் பக்கத்துத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை. கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், அப்பா தோட்டத்து மாதா கோயிலில் மணி அடிப்பவர். மகளுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று அவர் லயம் முழுக்க முன்கூட்டியே சொல்லியும்விட்டார். உண்மையில் அவள் அப்போது தகுதிகாண் காலத்தில்தான் இருந்தாள்.

அவள் கொண்டுவந்த மென்பொருள் ஒவ்வொரு தோட்டத்து ரவுட்டரிடமும் ஓயாமல் "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் பச்சை. பதில் வராவிட்டால் சிவப்பு. புதுப் பெட்டி எதையாவது யாராவது எங்காவது செருகினால் தானாகவே படத்தில் ஏறிக்கொள்ளும். கோப்பையை அதன்மேல் வைக்க முடியாது. நான் சொக்கிப்போனேன்.

சொக்காதவர் எங்கள் மேலாளர் ரஞ்சித் சேர். கண்டிக்காரர், நல்ல மனுஷன், தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பேசியே தமிழ் பழகியவர். ஆனால் மின்சாரத்தில் ஓடும் எதையும் நம்பமாட்டார், எங்களுக்கு மேலாளராக இருந்தும். சின்னவளின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிற அன்று, அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படத்தை ஒரு தரம் பார்க்கிறேன், எல்லாம் பச்சையாக இருக்கட்டும் என்றார். சிறிய ஆசைதான்.

அன்று காலை நான் அட்டன் ஒஃபிஸுக்குள் நுழையும்போதே சின்னவள் பேயறைந்த மாதிரி நின்றாள். டிவியில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு நட்ட நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. தண்ணீருக்குள் நமக்கு ஏது தோட்டம்? மவுஸை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தினால் பெயர் வரவில்லை, முகவரி வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. ரஞ்சித் சேர் பின்னாலேயே வந்து, அது என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். நம் தொழிலில் அது நேர்மையான பதில், ஆனால் மேலாளர்களுக்குப் பிடிக்காத பதில்.

அந்த நேரம் பார்த்து நாலாங்கட்டைத் தோட்டத்து ஸ்டோர் சிவந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, டவுன் பிள்ளைகளே, தேயிலைத் தொழிற்சாலை. அந்த வருடம்தான் நம் ரவுட்டர்ப் பெட்டிகளையெல்லாம் தோட்டத்து ஒஃபிஸ்களிலிருந்து எடுத்து ஸ்டோர்களுக்குள் வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் நாலாங்கட்டை தானாகவே பச்சையானது. அப்பாடா என்பதற்குள் பாலத்தோட்டம் சிவந்தது. அது பச்சையானதும் ரெட்டமலை சிவந்தது.

சேர் அவள் பக்கம் திரும்பி, இன்றைக்கு எதையாவது மாற்றினாயா என்று கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். படம் சுறுசுறுப்பாகத் தெரியட்டும் என்று, "இருக்கியா" என்று கேட்கிற இடைவெளியைக் குறைத்திருக்கிறாள். அவ்வளவுதான். சேருக்கு வழக்கு முடிந்துவிட்டது. நச்சரித்து நச்சரித்தே பெட்டிகளைச் சாகடித்துவிட்டாள் என்று தீர்ப்பு. அவர் சுட்டுவிரலை டிவிப் பக்கம் நீட்டி, மெதுவாகத்தான் சொன்னார்:

"இந்தச் சிவப்பு ஒன்னுகூட இருக்கக் கூடாது. அதுக்குப் பொறகுதான் கையெழுத்து."

சின்னவளின் கை விசைப்பலகைக்குப் போனது. மாற்றியதைத் திருப்பி மாற்றி, படத்தையே நிறுத்தி, தலைமை ரவுட்டரையும் அணைத்துப் போட்டுவிடலாம் என்கிற வேகம். பயந்தவர்கள் எல்லாரும் செய்வது அதுதான். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கைய எடு. இப்ப நீ நாலஞ்ச மாத்திப்புட்டா, எதால எது நடந்திச்சின்னு ஆண்டவனுக்கே தெரியாது. மொதல்ல பாரு."

பிள்ளைகளே, இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். வீடு பற்றி எரிந்தால் ஓடுங்கள். புள்ளி சிவந்தால் உட்காருங்கள்.

உட்கார்ந்து பார்த்தோம். எந்தப் பெட்டி எந்த மலைக் கோபுரத்தில் தொங்குகிறது என்கிற கிளைப்படத்துக்கு மாற்றிப் பார்த்தால் அது பைத்தியக்காரன் கதையாக இருந்தது. நாலாங்கட்டை ஒரு கோபுரம், பாலத்தோட்டம் வேறொரு கோபுரம். ஒரு கோபுரம் விழுந்தால் அதன் கீழே உள்ள எல்லாமே விழ வேண்டும், இப்படிக் கொத்துக்கு ஒன்றாக விழாது. அப்புறம் நான் அவளை மறுபடி ஊர்ப்படத்துக்கே மாற்றச் சொன்னேன், காலையில் இருந்த, மலையும் ரோடும் தெரிகிற படம். மாற்றியதும் எனக்குப் புரிந்தது. மூன்றும் பொகவந்தலாவை பஸ் ரோட்டில் வரிசையாக இருந்தன. ஒன்றில் வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயிருக்கிறது. வைரஸுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மின்னல் பஸ் ரோட்டில் போகாது. இது ஆள்.

ஆள் என்றதும் ரஞ்சித் சேர் உயிர் பெற்றுவிட்டார். நாசவேலை, போட்டிக் கம்பெனிக்காரன் என்று ஆரம்பித்து, பொலிஸுக்கே போனை எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள், அடுத்தது மணிக்கட்டித் தோட்டம், அவன் போவதற்கு முன்னால் நாம் போய்விடலாம் என்றேன். அந்தத் தோட்டத்து டீமேக்கருக்குப் போன் எடுத்துப் பார்த்தோம். ஸ்டோரை நடத்துகிற பெரிய உத்தியோகத்தர் அவர். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்றார் சேர்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. கிளைப்படத்திலிருந்து ஊர்ப்படத்துக்கு மாற்றியபோது, நீர்த்தேக்கத்துப் புள்ளி மட்டும் டிவியில் அதே இடத்தில்தான் நின்றது, அதற்குக் கீழே படம்தான் மாறியது. அதைச் சேர் வேறு மாதிரிப் பார்த்தார். அது இடம் மாறி இடம் மாறி ஒளிகிறது, அதுதான் தலைவன் என்றார். எனக்கு வாதாட நேரமில்லை. புரியாதது இரண்டு இருந்தால் ஓடுகிறதை முதலில் பிடி, நிற்கிறது எங்கே போய்விடப்போகிறது?

ஜீப்பில் மூன்று பேரும் கிளம்பினோம். சேர் ஓட்டினார். சின்னவள் பின்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு தலை இடிபட்டுக்கொண்டு, நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ரெட்டமலையும் பச்சையாகிவிட்டது. மணிக்கட்டி இன்னும் பச்சை. அந்தப் பெயரில்லாத புள்ளி இதில் காணவே இல்லை மிஸ் என்றும் சொன்னாள். எங்களைப் பார்த்துப் பதுங்கிவிட்டது என்று சேர் விளக்கம் தந்தார்.

ரெட்டமலை தாண்டியதும் ஒரு ஓட்டோ டயர் காற்றுப்போய் ஓரமாக நின்றது. பக்கத்தில் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர், தேங்காய் வாழைப்பழத் தாம்பாளத்தை ஒரு கையிலும் பூமாலைப் பையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, எந்தக் கையால் வண்டியை மறிப்பது என்று தெரியாமல் காலை ஆட்டினார். இந்த வட்டாரத்துப் பூசாரி. மணிக்கட்டிக்குத்தான் போக வேண்டும் என்றார். நாங்களும் அங்கேதானே போகிறோம், ஏறுங்கள் என்றார் சேர். அவர் எப்போதும் அப்படித்தான், ரோட்டில் யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

பெரியவர் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு அவசரமாக எங்கே என்று விசாரித்தார். யாரோ ஒருவன் ஸ்டோர் ஸ்டோராகப் புகுந்து எங்கள் லைனைச் சாகடித்துக்கொண்டே போகிறான், அவனைப் பிடிக்கப் போகிறோம் என்று சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கலிகாலம்மா. நல்ல நாளும் அதுவுமா இப்பிடி ஒரு வேல செய்யிறவன் வெளங்குவானா? ஒங்க கையிலயே மாட்டுவான் பாருங்க."

மாட்டட்டும் என்று நாங்களும் சொன்னோம். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனாவது தோளில் போட்டிருந்தான். நாங்கள் சீட்டில் உட்காரவைத்து, காற்று வரட்டும் என்று கண்ணாடியையும் இறக்கிவிட்டோம். சின்னவள் மட்டும் அடிக்கடி படத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். இவ்வளவு நேரமாகியும் புதிதாக ஒன்றும் சிவக்கவில்லை மிஸ், அவன் எங்கேயோ நின்றுவிட்டான் என்றாள். நாங்கள் வருவது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றார் சேர். தெரிந்துதான் இருந்தது.

மணிக்கட்டி ஸ்டோர் வாசலில் இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே தப்பு மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை. கொழுந்து உருட்டும் மெஷின் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். டீமேக்கர் வேட்டியில் ஓடிவந்து, எங்களை விட்டுவிட்டுப் பூசாரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏதோ தட்டத் தொடங்கியது. பெரியவர் நேராக உள்ளே போய்க் கற்பூரத்தை ஏற்றி, எல்லாத்தையும் நிப்பாட்டுங்கப்பா என்று குரல் கொடுத்தார். யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள். கரண்ட் போனாலும் எங்கள் பெட்டிக்குத் தனியாகப் பட்டறி உண்டே என்று நான் நினைத்து முடிக்கவில்லை. டீமேக்கர் பயபக்தியோடு போய், செவ்வந்தி மாலை போட்டு மூன்று பட்டை திருநீறும் பூசியிருந்த எங்கள் ரவுட்டர் பெட்டியைத் திறந்து, அந்தப் பட்டறியையும் அணைத்தார்.

என் பக்கத்தில் சின்னவளின் மடிக்கணினியில் மணிக்கட்டி சிவந்தது.

ரஞ்சித் சேர் படத்தைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், வெளியே நின்ற தன் ஜீப்பைப் பார்த்தார். நான்தான் டீமேக்கரிடம் போய், எதற்கு இதை அணைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆயுத பூசைங்க மிஸ். உருட்டுற மெஷினுக்கு ரெஸ்ட்டு, அடுப்புக்கு ரெஸ்ட்டு. இது மட்டும் என்னங்க பாவம் பண்ணிச்சி? வருசம் பூரா ஒழைக்குது."

உழைக்கிற சாமானுக்கெல்லாம் அன்று ஓய்வு. ஒரே பூசாரி, ஒரே ரோடு, தோட்டம் தோட்டமாகப் பூசை. பெட்டிகள் ஸ்டோருக்குள் வந்த முதல் வருடம் என்பதால் அவற்றுக்கும் அதுதான் முதல் பூசை. எங்கள் அறையில் இது யாருக்குமே தோன்றவில்லை பாருங்கள். நான் புரட்டஸ்தாந்துக்காரி, எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் நத்தாரும் தெரியும். சின்னவள் வேதக்காரி. சேர் பௌத்தர். தெரிந்த ஒரே ஆள் எங்கள் கேபிள்காரர் சிவகுமார், அவர் வீட்டில் பூசை என்று முதல் நாளே லீவு வாங்கிக்கொண்டு போய்விட்டார். லீவில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். என்ன பூசை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

கற்பூரத் தட்டு வந்தது. சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடலையும் வாங்கிச் சாப்பிட்டார். பெட்டி மறுபடி உயிர் பெற்றுப் பச்சையானது. அடுத்த தோட்டத்துக்குப் பூசாரியைக் கொண்டுபோய் இறக்கியதும் எங்கள் ஜீப்தான். நாங்களே அவரை இறக்கினோம், அந்தத் தோட்டம் சிவந்தது. பச்சையாகும் வரை காத்திருந்துவிட்டு, கடைசித் தோட்டத்திலும் இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

ஒஃபிஸுக்கு வந்து சேர்ந்தபோது சின்னவளின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது. டிவியைப் பார்த்ததும் அது மறுபடி வடிந்தது. பொகவந்தலாவை ரோடு முழுக்கப் பச்சை, மற்ற இடமெல்லாம் பச்சை. நீர்த்தேக்கத்து நடுவில் மட்டும் அந்தச் சிவப்புப் புள்ளி, காலையில் இருந்தபடியே.

சேர் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார், பேனாவையும் வைத்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொன்னவர். சொன்ன சொல்லில் நிற்பவர், அதுதான் அவரோடு தொல்லை. தண்ணீருக்குள் யாரும் பூசை செய்யமாட்டார்கள் என்றார். சின்னவளின் அப்பா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

சின்னவள் மடிக்கணினியை டிவிக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள். இரண்டிலும் ஒரே படம், இதில் புள்ளி இல்லை, அதில் இருக்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் நடுக்கமே இல்லை.

"என் படத்துல அது இல்லிங்க சேர். இருக்கிறது என் படத்துக்கு வெளிய. வேணும்னா டிவிய ஓஃப் பண்ணிப் பாருங்க."

சேர் ரிமோட்டை அழுத்தினார். மலை போனது, ரோடு போனது, தோட்டமெல்லாம் போனது. கறுத்த கண்ணாடியின் நடுவில் புள்ளி மட்டும் செக்கச் செவேலென்று அப்படியே இருந்தது.

சேர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சுட்டுவிரலால் அதைத் தொட்டார். விரலைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். சிவகுமார் லீவில் போவதற்கு முன்னால், உழைக்கிற சாமானாயிற்றே என்று, டிவிக் கண்ணாடியின் நடுவில் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் பயந்து செத்தது ஒரு சிட்டிகை குங்குமத்துக்கு.

கதிரையில் நின்றபடியே சேர் சிரிக்கத் தொடங்கினார். இறங்கவே முடியாமல் சிரித்தார். நான் பிடித்து இறக்கினேன். இறங்கிய கையோடு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் சின்னவளிடம் நீட்டினார். அப்போதுதான் அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். நானும் அழுதேன், என் கண்ணில் சாம்பிராணிப் புகை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு.

அடுத்த வாரமே அவள் படத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் சேர்த்தாள், மஞ்சள். பூசையில் இருக்கிறது, தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். இப்போதும் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பொகவந்தலாவை ரோட்டில் மஞ்சள் ஊர்ந்து போகும். கடலை எப்போது அவிக்கலாம், பூசாரி எங்கே வருகிறார் என்று ஸ்டோர்களிலிருந்து இங்கே போன் வரும். நீங்கள் எடுத்துப் பணிவாகப் பதில் சொல்லுங்கள்.

இனி பெயருக்கு வருகிறேன். உங்கள் தலைமை அதிகாரி ஜெசிந்தா மிஸ்ஸின் அறைக்கு நாளைக்குப் போவீர்கள். அவர் கதிரைக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு கடிதம் தொங்கும். கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு விரல் அடையாளம் இருக்கும். புதிதாக வருகிற எல்லாரும் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைக்கிறார்கள். நீங்கள் நினைக்காதீர்கள்.